ரோட்டிலிருந்து அளக்காதே

முரளி,

கிரகப்பிரவேசப் பத்திரிகை போனில் வந்தது. பிள்ளையார் படம், மாவிலைத் தோரணம், கீழே 'அழைப்பவர்கள்' என்ற இடத்தில் என் பெயரும் உன் அம்மா பெயரும். என்னைக் கேட்காமல் என் பெயரில் ஊரை அழைத்திருக்கிறாய். நான் யாரையும் அழைக்கவில்லை. வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் அந்தக் கட்டடத்தில் பால் காய்ச்சக் கூடாது என்பது என் கட்சி. உன் ஆபீஸில் சொன்னேன், காரில் சொன்னேன், சாப்பாட்டு மேஜையிலும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் போனைப் பார்த்துக்கொண்டே "பாக்கலாம்ப்பா" என்றாய். பார்க்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். கல்கத்தாவில் கரியாஹாட்டுக்குப் பின்னால் நம் பழைய வீடு இருந்த மனையில் நீ கட்டியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தில் வீடு வாங்கிய எல்லாக் குடும்பங்களுக்கும் இதன் பிரதி போகிறது. அப்பா பிள்ளைக்கு எழுதுவதை ஊர் படிப்பது அநாகரிகம்தான். ஆனால் "எங்க பையன் கட்டறான், கண்ணை மூடிண்டு வாங்குங்கோ" என்று அந்த ஊரிடம் சொன்னவனும் நான்தான். இப்போது கண்ணைத் திறக்கச் சொல்ல வேண்டியவனும் நானே.

விஷயம் ஒன்றுதான். அந்தக் கட்டடத்தின் மீட்டர் அறை, தண்ணீர் ஏறும் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்கு அடுத்த அறையில் கேர்டேக்கர் நிமாயும் அவன் மனைவி ஷெஃபாலியும் படுக்கிறார்கள். மீட்டர்கள் மேலே போக வேண்டும், அவர்களும் மேலே போக வேண்டும், அதன்பிறகுதான் மற்றவர்கள் குடியேற வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை. இனி எழுதுவதெல்லாம் இதற்கு விளக்கமும், உன்மேல் எனக்கிருக்கும் கோபமும். இரண்டையும் தனித்தனியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

உன் நியூ டவுன் வீட்டின் பதினோராவது மாடியில், உன் மேஜையில், உன் மனைவி போட்டுத் தந்த காபியைக் குடித்துக்கொண்டே உன்னைத் திட்டி எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்தால் மழைத் தண்ணீர் அழகாகத்தான் தெரிகிறது. நேற்று கீழே சாலை முழுவதும் பளபளவென்று நின்றது. அதில் ஒரு வாடகைக் கார் படகு மாதிரிப் போயிற்று. உன் அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பது வருஷமா என்கிட்ட பேசாத பேச்சையெல்லாம் இப்ப பேப்பர்ல கொட்டறேளாக்கும்" என்றாள். எழுதாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்.

நான் பயந்தவன். நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பஸ்ஸில் சில்லறை குறைந்தால் கேட்க மாட்டேன். ஆபீஸில் என்னைவிடச் சின்னவன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவன் எழுந்திருக்கும்வரை ஜன்னல் பக்கம் நின்று ஏதோ பார்ப்பதுபோல் இருப்பேன். ஒரு கணக்கைப் போட்டால் திரும்பப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. ஆனால் கிடர்பூர் துறைமுகத்தில் சிவில் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுவதும் எனக்குச் சோறு போட்டது அந்தப் பயம்தான். அங்கே ஆற்றின் மட்டத்தை அளக்க ஒரு கல் உண்டு. சாலையில் இருந்தோ, படகுத்துறையில் இருந்தோ, நிற்கிற கப்பலில் இருந்தோ அளக்க மாட்டார்கள். மனிதர்கள் ஏற்றி இறக்கக்கூடிய எதிலிருந்தும் தண்ணீரை அளக்கக் கூடாது. நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. வீடு கட்டுகிற நீ கற்றுக்கொள்ளாததும் அதுவே.

நம் பழைய வீட்டுச் சந்தினை நினைத்துப் பார். அந்த வீட்டை வாங்கியபோது வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டியிருந்தது. தார் போட வருகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதைக் கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். நீ பள்ளியில் சேர்ந்தபோது இரண்டு படி. கல்லூரிக்குப் போனபோது ஒரு படி. கடைசி வருடங்களில் வாசலில் இருந்து சாலைக்கு ஏறினோம். வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியது. ஒவ்வொரு மழைக்கும் நம் கட்டில் கால்களுக்கு அடியில் ஒரு செங்கல் கூடியது. உன் அம்மா அந்தக் கட்டிலில் ஏற ஸ்டூல் வைத்துக்கொண்டாள். "ராஜா மாதிரி சிம்மாசனத்துல தூங்கறோம்" என்று நீ பள்ளியில் பெருமை அடித்ததாக உன் டீச்சர் சொன்னார்.

தண்ணீர் வடிந்ததும் நான் ஒரு வேலை செய்வேன். மாடிப்படிச் சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் காய்ந்திருக்கிறதோ அங்கே சிவப்பு எனாமலில் ஒரு கோடு போடுவேன். அண்டை வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். எல்லாவற்றிலும் உயரமான கோடு உனக்கு நினைவிருக்கும். சமையலறைக்குள் மீன் வந்த வருடம் அது. பின்பக்கத்துக் குளம் நிரம்பி, கை நீள மீன் ஒன்று அரிசி டின்னைச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. உன் அம்மா ஸ்டூல் மேல் நின்று துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு, "சூ சூ, போ, வெளியில போ" என்று காகத்தை விரட்டுவதுபோல் விரட்டினாள். எதிர்வீட்டு அனில்-தா ஜன்னலில் இருந்து, உன் அம்மாவை வழக்கம்போல் அண்ணி முறை வைத்து, "பௌதி, அடிக்காதீங்க, அடிக்காதீங்க! நான் வரேன், எனக்கு வேணும்!" என்று வங்காளத்தில் அலறிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தார். மீனை வேட்டியில் சுற்றிக்கொண்டு, உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வீட்டு மாடியில் விட்டார். அன்றைய தண்ணீரின் கோடு என் இடுப்புக்கு மேலே நின்றது. உனக்கு அது கதை. எனக்கு அது ஒரு மட்டம்.

வீட்டை இடிக்க நீ நாள் குறித்தபோது நான் ஆட்சேபிக்கவில்லை. பழைய வீடு, விரிசல், வருகிற போகிற தண்ணீர், இடிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சுவர் போனால் கோடும் போய்விடும். அதனால் இடிப்பதற்கு முந்தைய வாரம் டியூப்பை எடுத்துக்கொண்டு போனேன். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி நிறக் குழாய். ஒரு முனை இங்கே, மறுமுனை எங்கேயானாலும் சரி, இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நீ கையால் தொட்ட முதல் கருவி அதுதான். குளியலறைக்குச் சாய்வு பார்த்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தண்ணிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். நான் ஏதோ பதில் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று இன்றும் சந்தேகம். அந்தக் குழாயின் ஒரு முனையை நம் சிவப்புக் கோட்டில் வைத்து, மறுமுனையை அனில்-தா வீட்டுத் தூணுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு கோடு போட்டேன். அந்தத் தூண் அவருடைய அப்பா காலத்திலிருந்து அசையாமல் நிற்கிறது. நீ காரில் இருந்து இறங்காமலே, "அப்பா மியூசியம் வைக்கப் போறார்" என்று உன் கான்ட்ராக்டரிடம் சொன்னாய்.

பிறகு வரைபடம் வந்தது. தரைத்தளத்தில் கார்கள், முதல் மாடியில் இருந்து வீடுகள். நல்லது. மீட்டர்கள் மாடிப்படியின் பாதித் திருப்பத்தில் இருந்தன, தண்ணீருக்குக் கைக்கெட்டாத உயரத்தில். மிக நல்லது. நான் ஒன்றுதான் கேட்டேன், தரையின் உயரத்தை எதிலிருந்து எடுத்தாய் என்று. "ரோட் சென்டர்ல இருந்துப்பா. ரூல் கேக்கறதவிட ஒரு இன்ச் ஜாஸ்தியாவே குடுத்திருக்கேன்" என்றாய். விதி கேட்பது குறைந்தபட்சம், முரளி. இதற்குக் கீழே போனால் குற்றம் என்று சொல்லும் கோடு அது. இங்கே நின்றால் போதும் என்று அது எங்கும் சொல்லவில்லை. தண்ணீர் இதுவரை எவ்வளவு ஏறியதோ அதைக் கண்டுபிடி, அதன்மேல் நம் அறியாமைக்கு ஒரு முழம் கூட்டிக்கொள், அங்கே தரையைப் போடு. அதுதான் வேலை. இதை அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்க வேண்டும். உன் மனைவி ரசம் பரிமாறிக்கொண்டிருந்தாள், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ கட்டி முடிப்பதற்குள் சந்தில் இன்னொரு தார் விழுந்தது. நீ கூட்டிக் கொடுத்ததாகச் சொன்ன அந்த ஒரு இன்ச் அதன் அடியில் கிடக்கிறது.

அப்போதும் சமாளித்திருக்கலாம். கார் நனைந்தால் காய்ந்துவிடும். கீழ்ச்சுவர்களில் ஜன்னலுக்குப் பதில் துளைகள் விட்டிருந்தால் தண்ணீர் வந்த வழியே போயிருக்கும், சுவரைத் தள்ளாது. ஒரு ஆள் உயரத்துக்கு பிளைவுட்டும் ஜிப்சமும் இல்லாமல் சிமெண்டே பூசியிருந்தால் கழுவி விட்டால் போதும். சாக்கடைக் குழாயில் தண்ணீரை ஒரே பக்கம் விடும் வால்வு வைத்தால் தெருவின் கழிவு நம் கழிப்பறைக்குள் பொங்காது. லிஃப்ட், கீழே தண்ணீர் நின்றால் முதல் மாடிக்குக் கீழே இறங்காதபடி ஒரு சின்ன ஏற்பாடு. இவை எதுவும் பெரிய வித்தை இல்லை. எங்கோ யாரோ நனைந்து, யாரோ செத்து, அதன்பிறகு யாரோ உட்கார்ந்து எழுதிய சாதாரணப் புத்தி. நீ இவற்றைப் படித்துத் தேறியவன். எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு அதிகம் தெரியும். அதனால்தான் மன்னிக்க முடியவில்லை.

மீட்டர்களைப் பாதித் திருப்பத்தில் இருந்து கீழே இறக்கியது யார் என்று குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டாம் மாடி வாங்கிய பார்வதி மாமி உன் ஆபீஸுக்கு வந்த அன்று நானும் இருந்தேன். வரைபடத்தை ஒரு விரலால் தட்டி, "ஏன்டா முரளி, ஈசான்யத்துல தண்ணி, அக்னி மூலையில கரண்ட்டு. இது ரெண்டும் இல்லேன்னா எனக்கு வீடு வேண்டாம். பூஜை ரூமுக்கு ஏ.சி. கூட வேண்டாம், இது வேணும்" என்றார். மாமி போனதும் நீ சிரித்தாய். வாஸ்துவாவது மண்ணாங்கட்டியாவது என்றாய். அடுத்த வாரம் வந்த மூன்று பேர் அதையே கேட்டதும் சிரிப்பு நின்றது. வடகிழக்கில் தொட்டி, தென்கிழக்கில் மீட்டர் அறை, இரண்டும் தரைமட்டத்தில். தென்கிழக்கு மூலைதான் மனையிலேயே பள்ளம் என்று உனக்குத் தெரியும். அங்கேதான் சிறுவயதில் காகிதப் படகு விட்டாய். மாமி நம்புகிறார். நம்புகிறவரோடு பேசலாம். நீ எதையும் நம்பவில்லை. வாஸ்துவையும் நம்பவில்லை, வெள்ளத்தையும் நம்பவில்லை. ஆபீஸுக்குக் கடைசியாக யார் வந்தார்களோ அவர்களை நம்பினாய்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் அநியாயக்காரன் ஆவேன். தொட்டியின் மூடியை ஒரு முழம் உயர்த்தி, விளிம்பு கட்டி, இறுக்கமாக மூடியிருக்கிறாய். தெருத் தண்ணீர் அதற்குள் போகாது. சுத்தமான வேலை. அதைப் பார்த்தபோது என் பிள்ளை என்று நினைத்தேன். பிறகு ஏன் தொட்டிக்குச் செய்ததை மீட்டருக்குச் செய்யவில்லை என்று யோசித்தேன். குடிதண்ணீர் நாறினால் வீடு வாங்கியவர்கள் கத்துவார்கள். நிமாயின் அறை கத்தாது. இந்த எண்ணம் தவறாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தவறு என்று நீ காட்டினால் எல்லாக் குடும்பங்களுக்கும் இன்னொரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்பேன்.

சென்ற மாதம் பெய்த மழை உனக்கு ஒரு மீட்டிங்கைக் கெடுத்த மழை. அன்று காலை, என்னைச் சித்தப்பா முறை வைத்து மேஷோ என்று கூப்பிடும் நிமாய் எனக்குத்தான் போன் செய்தான். "மேஷோ, ஜல்தி வாங்க" என்பதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது சந்தில் முழங்கால் தண்ணீர். ஷெஃபாலி அனில்-தா வீட்டுப் படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் கம்பி பதிந்ததுபோல் ஒரு கருப்புக் கோடு. அறைக்குள் வந்த தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றியிருக்கிறாள். இரும்பு கேட்டைத் தள்ளக் கை வைத்தவளை அது தூக்கி எறிந்திருக்கிறது. படியில் விழுந்ததால் பிழைத்தாள். தண்ணீரில் விழுந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், போலீஸ் எழுதிக்கொண்டிருக்கும். ஈரமான மீட்டர் போர்டில் இருந்து எப்படியோ கேட்டுக்குக் கரண்ட் வந்திருக்கிறது. மெயினை அணை என்று எல்லோரும் கத்தினார்கள். நிமாய் அசையாமல் நின்றான். அணைக்கிற சுவிட்ச் அந்தத் தண்ணீருக்குள் இருந்தது, முரளி. அவன் அறைக் கதவில் இருந்து எட்டடியில். மின்சாரக் கம்பெனி ஆள் வந்து தெருப்பெட்டியில் துண்டிக்கும்வரை ஒரு சந்தே கையைக் கட்டிக்கொண்டு ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீ மறுநாள் வந்தாய். "மைனர் லீக்கேஜ்ப்பா. ஒரு பிரேக்கர் போட்டா முடிஞ்சுது" என்றாய். கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் வேண்டும்தான், முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. ஆனால் தண்ணீரில் மூழ்கும் அறைக்குள் இன்னொரு பெட்டியை மாட்டுவது வைத்தியம் ஆகாது. ஷெஃபாலியிடம், "பௌதி, இனிமே செருப்பு போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாய். அவள் உன்னிடம் தலையாட்டினாள். நீ போனதும் என்னிடம், "மேஷோ, செருப்பு போட்டா மட்டும் தண்ணி கேட்டுட்டா வரும்?" என்றாள். 

அதன்பிறகுதான் அனில்-தாவை அழைத்துக்கொண்டு மறுபடி டியூப் பிடித்தேன். அவர் தன் தூணில் இருக்கும் கோட்டில் ஒரு முனையை வைத்துக்கொண்டார். நான் மீட்டர் அறைக்குள் மறுமுனையோடு போனேன். தண்ணீர் ஆடி ஆடி நின்றது. மீட்டர்களின் அடிவிளிம்புக்கு மேலே, கண்ணாடிக்கும் மேலே, ஒரு சாண் உயரத்தில் நின்றது. எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. குழாயில் காற்றுக்குமிழ் இருக்கலாம் என்று முழுவதும் கொட்டி மறுபடி நிரப்பினேன். அதே சாண். அப்போது நீ கான்ட்ராக்டரோடு உள்ளே வந்தாய்.

"என்னப்பா இது, மறுபடியுமா?"

"இந்த முனையைக் கொஞ்சம் பிடி. நீயே பார்."

"எனக்கு பதினோரு மணிக்கு மீட்டிங்." கான்ட்ராக்டரிடம் திரும்பி வங்காளத்தில், "எங்கப்பாவுக்கு மழைன்னா பயம். குளிக்கறப்பகூட குடை பிடிப்பார்" என்றாய். அவன் சிரித்தான். வேலையாட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்படிப் பழகிவிட்டேன். சிரிக்காதவர் அனில்-தா ஒருவர்தான். "முரளி, உன்னைத் தோள்ல வெச்சிட்டு இதே எடத்தைத் தாண்டினவன் நான். தண்ணி என் நெஞ்சுல இருந்துது. நான் குட்டை இல்ல" என்றார்.

"காக்கு, அது அந்தக் காலம். இப்ப எவ்ளோ பம்ப் போட்டிருக்காங்க."

"பம்ப் இருக்கு. கரண்ட் போனா பம்பும் நம்மள மாதிரி நிக்கும்." பிறகு குழாயைச் சுருட்டிக்கொண்டே தனக்குள் சொல்வதுபோல், "ஜொல் தோ ராஸ்தா சேனே" என்றார். தண்ணிக்கு வழி தெரியும்.

அன்று மாலையே நான் பார்வதி மாமியைப் பார்க்கப் போனேன். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதுதானே உன் கடைசிச் சாக்கு. போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், வாசலில் எல்லாம் மறந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஷெஃபாலியின் கையைச் சொன்னேன்.  மாமி, "மூலை மாறுமா?" என்றார். "மாறாது மாமி. அதே தென்கிழக்கு. முதல் மாடி நடையில, அதே சுவர்ல, ஒரு மாடி ஒசரத்துல." "அப்ப ஏத்துங்கோளேன்! அக்னி மேல போறதுதானே வழக்கம்? அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல வைன்னு நான் எப்ப சொன்னேன்?" என்று என்னைத் திட்டினார். உன்னைத் திட்ட வேண்டியது. கையில் கிடைத்தவன் நான். அதோடு காபியும் கொடுத்தார்.

ஆக மாமியும் தடை இல்லை. சாஸ்திரமும் தடை இல்லை. சுவர் இருக்கிறது, மூலை இருக்கிறது. மிச்சம் உள்ள ஒரே தடை நீ குறித்த நாள். மீட்டர்களை இடம் மாற்ற மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், ஆள் வந்து பார்க்க வேண்டும், வாரங்கள் ஆகும். அதற்குள் வைகாசி முடிந்துவிடும், ஆனியும் ஆடியும் ஆகாது, ஆவணிதான். "எல்லாரும் வாடகை வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லியாச்சு. கேட்டரிங் சொல்லியாச்சு. மாடுகூட புக் பண்ணியாச்சுப்பா" என்றாய். நல்ல முகூர்த்தம் தப்பக் கூடாது என்று பருவமழை தொடங்குகிற வாரத்தில் பள்ளத்து மீட்டரோடு குடியேறுகிறவர்கள் இந்தக் கல்கத்தாவில் நம் ஜனங்களாகத்தான் இருக்க முடியும். அந்த மாட்டையும் அதே இரும்பு கேட் வழியாகத்தான் அழைத்து வருவாய். நாலு காலும் ஈரத் தரையில் ஊன்றும் பிராணி. தரையில் கரண்ட் ஓடினால் மனிதனுக்கு முன்னால் அது விழும். மகாலட்சுமியை வாசலில் கிடத்திவிட்டு நீ எந்த மந்திரத்தைச் சொல்லி உள்ளே போவாய்?

கடுமையாக எழுதிவிட்டேன். மேலே உள்ள வரியை அடிக்கலாமா என்று யோசித்து, எழுந்து நடந்து, திரும்பி வந்து, அடிக்கவில்லை. சின்ன வயதில் உன்னை நான் அடித்ததில்லை, உரத்துத் திட்டியதில்லை. அது பொறுமை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பயம் என்று தெரியும். பிள்ளையிடம் பயந்த அப்பனுக்கு அந்தப் பிள்ளை ஒருநாள் பதில் வைத்திருக்கும். குடை பிடித்துக் குளிப்பவன் என்று நீ சொன்னது எனக்குச் சரியான பதில்தான். ஆனால் அந்த பதிலின் விலையை ஷெஃபாலி கொடுக்கக் கூடாது.

இனி நான் செய்திருப்பது. முதல் மாடியில் எனக்கும் உன் அம்மாவுக்கும் என்று நீ ஒதுக்கிய வீட்டின் சாவியை நேற்று நிமாயிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் பாயும் ஸ்டவ்வுமாக மேலே ஏறிவிட்டார்கள். கீழ் அறையில் இப்போது வாளியும் துடைப்பமும்தான் இருக்கின்றன. ஈரமானால் அவை அழப் போவதில்லை. அவர்களை இறக்க வேண்டுமென்றால் என் வீட்டிலிருந்து என்னைக் கேட்டு இறக்கு. உனக்கு மாடியிலேயே ஒரு அறை கட்டிக்கொடுக்க மனம் வரும்வரை அவர்கள் அங்கே இருப்பார்கள். "நம்ம சமையல் ரூம்ல மீன் வறுப்பாளே" என்றாள் உன் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "வறுக்கட்டும். முன்னாடியே ஒண்ணு வந்துட்டுப் போனதுதானே" என்றாள்.

பத்திரிகையில் போட்ட நாளில் நான் வருவேன். குளித்து, வேட்டி கட்டி, சொன்ன நேரத்துக்கு முன்பே வருவேன். ஆனால் உன் வாசலுக்கு வர மாட்டேன். எதிரே அனில்-தா வீட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். கையில் டியூப்பின் ஒரு முனை இருக்கும், அந்தக் கோட்டோடு சேர்த்துப் பிடித்தபடி. மறுமுனை சந்தைத் தாண்டி உன் கேட்டுக்குள், மீட்டர் அறை வாசலில் கிடக்கும். வருகிற குடும்பங்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஏன் என்று இந்தக் கடிதம் அவர்களுக்குச் சொல்லியிருக்கும். இந்தக் கருவியில் ஒரு தொல்லை உண்டு, உனக்குத் தெரியும். தனி ஆளால் பிடிக்க முடியாது. கான்ட்ராக்டரை அனுப்பாதே, வேலையாளை அனுப்பாதே, சாஸ்திரிகளை அனுப்பாதே. நீ வந்து அந்த முனையை எடுத்து மீட்டர்மேல் வைத்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்ல வேண்டும். மீட்டருக்குக் கீழே நின்றால் நான் தோற்றேன். சந்தைத் தாண்டி வந்து, உன் காலணியைக் கழற்றி வைக்கும் இடத்தில் என் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாயசம் சாப்பிடுவேன். மேலே நின்றால் நீ பாலைக் காய்ச்சாமல் அடுப்பை அணைத்து, ஆவணிக்கு நாள் பார்.

வரமாட்டேன் என்று நீ இருந்துவிட்டால், அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஷெஃபாலியைக் கேட்டேன். "பிடிக்கறேன் மேஷோ" என்றாள். இடது கையால் பிடிப்பாளாம். வலது கை இன்னும் மடங்கவில்லை.

அப்பா